தேன் மிட்டாயும் கமர்கட்டும் வீட்டிலேயே செய்வது எப்படி

'90ஸ் கிட்ஸ் மிட்டாய் பெட்டி' என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. எல்லா வகையையும் ஒரே டப்பாவில் திணித்து அனுப்புவதால் சூட மிட்டாயின் வாசம் கடலை மிட்டாயில் ஏறி, இலந்த வடையில் ஏறி, எதைத் தின்றாலும் பல் தேய்த்த மாதிரியே இருக்கும். பூமர், பாப்பின்ஸ் மாதிரி பாக்கெட் அயிட்டங்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. கடலை மிட்டாய் வேண்டுமென்றால் கோவில்பட்டிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்குங்கள், அந்த ஊர் மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நாம் வீட்டில் செய்து அதை ஜெயிக்க முடியாது. ஜவ்வு மிட்டாயும் வீட்டில் ஆகாத காரியம். மூங்கில் கம்பின் உச்சியில் பொம்மை கைதட்ட, கீழே அந்த ரோஸ் கலர் பாகை இழுத்து, முறுக்கி, கேட்ட மாதிரி வாட்ச் செய்து நம் மணிக்கட்டில் மிட்டாய்க்காரர் ஒட்டிவிடுவாரே, அந்த விரல் வேகம் நமக்கு வராது.

மிச்சம் இருப்பவற்றில் வீட்டில் செய்து பார்க்கத் தகுந்தவை இரண்டு: தேன் மிட்டாய், கமர்கட். இரண்டிலுமே பொருள் கொஞ்சம், விஷயமெல்லாம் பதத்தில் இருக்கிறது.

தேன் மிட்டாய்

ஒரு கப் இட்லி அரிசிக்குக் கால் கப் உளுந்து, சேர்த்தே ஊறப் போடலாம், நாலு மணி நேரம் போதும். அரைக்கும்போது தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். மாவு வடை மாவு போலக் கெட்டியாகவும் நைசாகவும் இருக்க வேண்டும், தளர்ந்துவிட்டால் எண்ணெயில் விழுந்ததும் வால் முளைத்துத் தட்டையாகப் போகும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. புளிக்க வைக்கவே கூடாது, அரைத்த கையோடு பொரிக்க வேண்டும்.

அப்புறம் கலர். அந்தச் சிவப்பு இல்லாமல் செய்தால் சுவை மாறாது, ஆனால் தட்டில் பார்க்கும்போது அது தேன் மிட்டாய் இல்லை, ஏதோ இனிப்புப் போண்டா. பீட்ரூட் சாறு ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு, எண்ணெய்ச் சூட்டில் அந்த நிறம் பழுப்படித்துவிடும். உணவுக்கென்று விற்கிற கலர்தானா, பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஒரு துளி மட்டும் போடுங்கள். லூசில் கட்டித் தருகிற பொடி வேண்டவே வேண்டாம். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயையே தடை செய்தார்கள்.

எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் கையை நனைத்துக்கொண்டு சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள், உப்பி இரண்டு மடங்காகும். தீயைக் கூட்டிச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வெளியே சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால் பாகில் போட்டதும் சொதசொதவென்று ஆகிவிடும். எண்ணெயின் சலசலப்பு அடங்கி, கரண்டியால் தட்டினால் ஓடு மாதிரி லேசாகச் சத்தம் வர வேண்டும், அப்போது எடுங்கள்.

இன்னொரு அடுப்பில் பாகு தயாராக இருக்க வேண்டும். இரண்டு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், ஒரு கம்பிப் பதம் (விரலில் தொட்டு இழுத்தால் ஒரு இழை வர வேண்டும்), இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, இல்லையென்றால் பாகு பூத்துச் சர்க்கரையாகிவிடும். உருண்டையைச் சூடாக எடுத்து அப்படியே பாகில் போட வேண்டும், பாகும் சூடாகவே இருக்க வேண்டும், இதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஆவி அடங்க அடங்க அந்த வெற்றிடத்துக்குள் பாகு ஏறும். ஆறிப்போன உருண்டையில் பாகு மேலே பூசிக்கொண்டு நிற்குமே தவிர உள்ளே போகாது. பத்து நிமிடம் ஊறட்டும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், ஓடு உடைந்து பாகு மோவாய் வரை வழிய வேண்டும். வழிந்தால் சரி. எடுத்துச் சர்க்கரையில் புரட்டினால் பெட்டிக்கடைப் பாட்டிலில் இருந்த அதே தேன் மிட்டாய். ஆரோக்கியம் என்று சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடலாமா என்று ஒருவர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். தாராளமாகப் போடலாம், அது வேறு பலகாரம்.

கமர்கட்

இதற்குப் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள், எல்லா வெல்லமும் இறுகாது. ஒரு கப் தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து வைத்துக்கொள்ளுங்கள், சிவக்க வேண்டாம். ஈரம் இருந்தால் நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த பதம் இளகிவிடும். ஒரு கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிக் கொதிக்க விட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரையும், அப்புறம் மெத்தென்று உருளும், அங்கே நிறுத்தினால் தேங்காய் பர்பிதான் கிடைக்கும். உருட்டிய துளியைத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். கேட்டதும் தேங்காய், ஏலக்காய்ப் பொடி போட்டு, ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கிளறி இறக்குங்கள்.

உருட்டுவதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். கையில் நெய்யைத் தடவிக்கொண்டு பொறுக்கிற சூட்டிலேயே உருட்ட வேண்டும், ஆறினால் பாறை. இறுகிவிட்டால் வாணலியைச் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும்.

ஒரு கமர்கட்டை இரண்டு பேருக்குப் பங்கு போடுகிற முறை தெரியும்தானே? சட்டை நுனியில் சுருட்டி, துணியோடு சேர்த்துக் கடைவாயில் வைத்து ஒரே கடி, காக்கா கடி. எச்சில் படவில்லை என்பது சட்டம், துணி நனைந்தது யார் கண்ணிலும் படாது. நாலணாவுக்கு வாங்கியதை நாலு பேர் தின்ற காலத்தில் அது அவசியமாக இருந்தது. நாலணாவே 2011 ஜூனோடு செல்லாக்காசாகிவிட்டது, இப்போது அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கட்டாயம் அப்படித்தான் சாப்பிட வேண்டும்.

இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். தேன் மிட்டாயை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் ஓடு நமுத்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் பாகு பூத்துவிடும். கமர்கட் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். தேங்காயில் காறல் வாடை அடிக்கிறதா என்று எடுக்கும்போது ஒரு தடவை மோந்து பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் கமர்கட் செய்யாதீர்கள், ஈரக் காற்றில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.