ஆடும் கால்களுக்கு முதலில் ஒரு மணை: சிறப்பு வகுப்பறை இருக்கையை நாமே சரிசெய்வது எப்படி?

"ஜிம் பால் வாங்கலாமா மிஸ், பீன் பேக் வாங்கலாமா?" புதிதாகப் பணியில் சேரும் சிறப்பாசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். பீன் பேக்கில் உட்கார்ந்து எழுத முடியாது. தசை தளர்ந்த பிள்ளைகள் அதில் புதைந்துவிடுவார்கள். பந்தை உருளாமல் பிடிக்கவே ஓர் ஆள் தேவை. இங்கே சொல்லப்போகிற மூன்று வழிகளுக்கும் பெரும்பாலும் பழைய பொருள்களே போதும்.

உட்கார்ந்த இடத்தில் நெளிகிற, நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆட்டுகிற பிள்ளை பெரும்பாலும் அடம்பிடிக்கவில்லை. கைகால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது தசையும் மூட்டும் அனுப்பும் செய்தி. அது போதாதபோது, உடல் அசைந்து அசைந்து அதைத் தேடுகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஜீன் ஏயர்ஸ் வளர்த்தெடுத்த சென்சரி இன்டெக்ரேஷன், அதாவது புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின் அடிப்படைகளில் ஒன்று இது.

1. கால் மணை

பாதம் தரையில் படாத பிள்ளைக்கு வேறு எதைச் செய்தாலும் வீண். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகால்வரை அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து நாற்காலியில் உட்காரும் இடத்தின் உயரம் அதைவிட எவ்வளவு கூடுதலோ, அந்த உயரத்துக்குப் பழைய நோட்டுகளை அடுக்கி, பிரவுன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். அடியில் வழுக்காத ரப்பர் மேட் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கினால் சரி. முதுகு சாய்மானத்தைத் தொடாவிட்டால் பின்னால் ஒரு தலையணை.

பாய் போட்டுத்தான் வகுப்பு என்றால் சுவர் மூலையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் சுவர் தாங்கும். காசு செலவில்லாத நல்ல இருக்கை.

2. சைக்கிள் டியூப்

பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ரப்பர் வாடையே ஆகாத பிள்ளைகள் உண்டு. பிறகு நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே, கெண்டைக்கால் உயரத்தில் கட்டுங்கள். பிள்ளை காலால் உதைத்தும் அழுத்தியும் இழுத்துக்கொள்ளும், சத்தமே வராது.

இரும்புக்குழாய் நாற்காலிதான் இதற்குத் தோது. பிளாஸ்டிக் நாற்காலியில் டியூப் வழுக்கி இறங்கும். வேறு வழியில்லையென்றால், ஒவ்வொரு காலிலும் டியூப் துண்டு ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, அதன்மேல் கட்டுங்கள்.

3. மடி எடைப் பட்டை

உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மடியில் வைக்கும் கனமான துணிப்பட்டை இது. அதன் அழுத்தம் உடல் தேடும் அந்தச் செய்தியைத் தரும் என்பது எண்ணம். உள்ளே எதைப் போடுவது என்பதில்தான் பலருக்கும் சிக்கல். புளியங்கொட்டை போட்டால் வண்டு துளைக்கும், அரிசிக்குப் பூச்சி வரும், மணல் தையல் வழியே கசியும். மீன் தொட்டிக்கு விற்கும் உருண்டையான பொடிக் கூழாங்கல்தான் என் தேர்வு. துவைக்கலாம், வெயிலில் போட்டால் காய்ந்துவிடும்.

எடை, பிள்ளையின் எடையில் இருபதில் ஒரு பங்கு. 20 கிலோ பிள்ளைக்கு 1 கிலோ. பழைய ஜீன்ஸ் துணியில் 34க்கு 44 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டி, 2 செ.மீ. தையலுக்கு விட்டு மூன்று பக்கம் அடித்துத் திருப்புங்கள். அகலம் குறைந்த ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். நீளவாக்கில் மூன்று தையல் போட்டால் நான்கு குழல்கள் கிடைக்கும். ஒவ்வொரு குழலிலும் 50 கிராம் கல்லைப் போட்டு அடிக்குத் தட்டி, 8 செ.மீ. உயரத்தில் குறுக்கே தையுங்கள். இப்படியே ஐந்து வரிசை. கடைசி வரிசையில் திறந்த விளிம்பை உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள். மொத்தம் 20 அறை, 1 கிலோ. எல்லாக் கல்லையும் ஒரே பையில் கொட்டினால் ஒரு பக்கமாகச் சரிந்து பட்டை மடியிலிருந்து விழும்.

குறுக்குத் தையலின்போது ஒரு கல் மேலே ஏறினாலும் ஊசி உடையும். எங்கள் தெருத் தையல்கார அக்கா சொல்லிக்கொடுத்த வழி: தையல் கோட்டுக்குக் கீழே துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாகப் போட்டுவிட்டுத் தையுங்கள். 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள்.

பட்டை தொடையின்மேல் மட்டும். கழுத்து, நெஞ்சு, தலை கூடவே கூடாது. பிள்ளை தானே எடுத்துக் கீழே வைக்க முடிய வேண்டும். 15, 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் உடலுக்குப் பழகிப்போகும். வலிப்போ மூச்சுத் தொந்தரவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எடைப் பொருள்கள் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதனால் பட்டையோடு சில நாள், இல்லாமல் சில நாள் என்று குறித்துப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் அலமாரியில் வைத்துவிடலாம்.

பின்சேர்க்கை: "டியூபைக் குனிந்து கடிக்கிறான்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு டியூப் வேண்டாம். கடற்கரையில் விற்கும் காற்றுப் பந்தைக் கால்வாசி மட்டும் ஊதி, இருக்கையில் வைத்து மேலே துணி உறை போடுங்கள். உட்கார்ந்தபடியே லேசாக ஆடலாம். இன்னொருவருக்கு நாற்காலி இழுபடும் சத்தம்தான் பிரச்சினை: நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள், ஒரு சுற்று பெரிதானாலும் கழன்றுவிடும்.