இலவச டோக்கன் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வசிக்கும் தம்பிமார் இருவர், ஏர்டிராப் எனப்படும் இலவச டோக்கன் (கிரிப்டோ நாணய அலகு) விநியோகங்களுக்காக இரவிரவாகக் கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பதைக் காணும்போது, 2021 இல் அதே வேலையில் கிடந்த என்னையே காண்கிறேன். கிரிப்டோ நாணயங்களைக் கையாளும் செயலியான வாலட்டின் இரகசியச் சொற்களை எவருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

2020 திரும்பி வரும் என்று காத்திருப்பது

2020 செப்டெம்பரில் யுனிசுவாப் என்ற கிரிப்டோ நாணய மாற்றுத் தளம், அம்மாதம் முதலாம் திகதிக்கு முன்னர் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு வாலட் முகவரிக்கும் 400 டோக்கன்களை வழங்கியது. அன்றைய விலையிலேயே அவை ஆயிரம் டொலரைத் தாண்டின. ஆனால் அவற்றைப் பெற்றவர்கள் பரிசு தேடி வந்தவர்கள் அல்லர். நாணயம் மாற்ற வந்தவர்கள். பரிசு உண்டென்று ஊருக்கே தெரிந்தபின் வரிசையில் நிற்பவருக்கு எஞ்சுவது சில்லறைதான்.

"அனுமதிதானே" என்று அழுத்திவிடுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். டோக்கனைப் பெற்றுக்கொள்ளும்படி அழைத்த ஒரு பக்கத்தில் வாலட்டை இணைத்தேன். அது கேட்ட அனுமதியை வாசிக்காமலே ஒப்புக்கொண்டேன். பரிசும் வரவில்லை, பணமும் போகவில்லை, ஆகவே மறந்துவிட்டேன். ஆறு வாரங்களின் பின்னர், ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்கான ஊதியம் யுஎஸ்டிடியாக (டொலர் மதிப்பைப் பின்பற்றும் கிரிப்டோ நாணயம்) அதே வாலட்டுக்கு வந்தது; வந்த சில நிமிடங்களிலேயே முழுவதும் வெளியேறியது.

நான் கொடுத்தது, அந்தப் பக்கத்தின் பின்னால் இருந்த முகவரி என் யுஎஸ்டிடியை எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எல்லையற்ற அனுமதி. அது கைத்தொலைபேசியில் அன்றி பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டிலேயே பதிவாகியிருப்பதால், நான் பதற்றத்தில் கடவுச்சொல்லை மாற்றியதும், செயலியை அழித்து மீண்டும் நிறுவியதும், அந்தத் தளத்துடனான இணைப்பைத் துண்டித்ததும் வீண்வேலையாயின. அனுமதியை இரத்துச் செய்வதற்குத் தனியாக ஒரு பரிவர்த்தனை அனுப்ப வேண்டும்; அந்தப் பதிவுகளைக் காட்டும் எதர்ஸ்கேன் போன்ற தளங்களில் அதற்கு வசதி உண்டு, காஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணமும் உண்டு. கீழ்த்தளத்துத் தம்பிமாரில் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "காசு ஒண்டும் போகேல்லையே அண்ணா" என்றார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். இத்தகைய வேலைகளுக்கு, வேறு பணம் ஒருபோதும் வராத தனி வாலட் ஒன்றை வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஒரே ஆள், இருபது வாலட்

பல ஆட்கள்போலக் காட்டிப் பல பங்கு பெறப் பார்ப்பது பிடிபடும். 2024 மே மாதத்தில், பிளாக்செயின்களை ஒன்றோடொன்று இணைக்கும் லேயர்சீரோ என்ற திட்டம், இவ்வாறு செய்ததைத் தாமாகவே ஒப்புக்கொள்பவர்களுக்கு உரிய பங்கில் 15 சதவீதம் மட்டும் தருவதாக அறிவித்தது.

கேட்காமலே வாலட்டில் வந்து கிடக்கும் டோக்கன்

தொடாதீர்கள்.

செலவைக் கணக்கில் சேர்க்காதது

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் காஸ் கட்டணம் வேண்டும். கிரிப்டோ சார்ந்த கொடுப்பனவுகளுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த 2021 ஆம் ஆண்டின் பணிப்புரைகள் இடமளிக்கவில்லை என்பதை இலங்கை மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. எனவே நம்மவர்கள் ஆளுக்கு ஆள் கைமாற்றிக் கூடிய விலைக்கே நாணயத்தை வாங்குகிறார்கள். அந்த மேலதிக விலையையும், இழந்த தூக்கத்தையும் சேர்த்து அந்தத் தம்பி மூன்று மாதக் கணக்கை எழுதிப் பார்த்தபோது, ஒரு மாணவனுக்கு மாலை வகுப்பு எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகைகூட மிஞ்சவில்லை. எப்படியும் பயன்படுத்தப்போகும் சேவையைத் தவிர, வேறெதற்காகவும் நான் இப்போது வாலட்டை இணைப்பதில்லை.