பிஸ்டல் போட்டி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு வந்தால் போதும், புதிதாகப் பார்க்க வருபவர்களிடம் அதே குழப்பங்கள் திரும்பி வருகின்றன. பிஸ்டல் போட்டியை ரசிக்கக் கொஞ்சம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

நேரலைப் பட்டியலை அப்படியே நம்புவது

"நம்ம ஆள் 20ஆவது இடம், அவ்வளவுதான்" என்று பாதியிலேயே வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டுவது இதுதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் 60 குண்டு, 75 நிமிடம். எந்த வேகத்தில் சுடுவது என்பது அவரவர் விருப்பம். ஒருவர் மளமளவென்று 40 முடித்திருப்பார். பக்கத்து லேனில் இருப்பவர் 30 முடித்துவிட்டு, பிஸ்டலை மேசையில் வைத்து, தோளைத் தளர்த்திக்கொண்டிருப்பார்.

மொத்தப் புள்ளிப்படி அடுக்கும் பட்டியலில் 40 குண்டுக்கு 386 எடுத்தவர் மேலே நிற்பார், 30 குண்டுக்கு 291 எடுத்தவர் கீழே. பத்துக் குண்டு கொண்ட ஒரு சீரிஸுக்கு முதல்வரின் சராசரி 96.5, அடுத்தவருக்கு 97. நன்றாகச் சுடுபவர் கீழே இருப்பவர்தான்!

எனவே, முதலில் எத்தனை குண்டு முடிந்தது என்று பாருங்கள். முடிந்த சீரிஸ்களை 96ஆல் பெருக்கி, அவருடைய மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பாரிஸ் 2024 ஆண்கள் போட்டியில் இறுதிச்சுற்றுக்குப் போகும் கடைசி இடமான எட்டாவது இடம் 577க்குக் கிடைத்தது. சீரிஸுக்கு 96க்குச் சற்று மேல். அதே 577 எடுத்தும் இந்தியாவின் சரப்ஜோத் சிங் ஒன்பதாவதாக வெளியேறினார். எட்டாவதாக வந்த ஜெர்மனியின் ராபின் வால்டருக்கு 17 எக்ஸ், இவருக்கு 16. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; எக்ஸ் அதற்குள் இருக்கும் 5 மி.மீ. வட்டம். எக்ஸ் எண்ணிக்கையையும் கவனிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

தகுதிச்சுற்று முதலிடத்தைப் பதக்கமாக எண்ணுவது

இறுதிச்சுற்றில் எட்டுப் பேரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். பாரிஸில் பெண்கள் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்த ஹங்கேரியின் வெரோனிகா மேஜர், இறுதியில் எட்டாவது. இங்கே தசமப் புள்ளி உண்டு, ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. பன்னிரண்டாவது குண்டு முதல், இரண்டு குண்டுக்கு ஒருவர் வெளியே. அதே இறுதிச்சுற்றில் இந்தியாவின் மனு பாக்கர் 0.1 புள்ளியில் வெள்ளிக்கான வாய்ப்பை இழந்து வெண்கலத்தோடு நின்றார்.

25 மீட்டரையும் அதே கணக்கில் பார்ப்பது

பாரிஸில் நம் சிங்கப்பூரின் தே சியூ ஹோங் சுட்டது பெண்கள் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில்தான். தகுதிச்சுற்றின் விரைவுப் பகுதியில் ஒவ்வொரு குண்டுக்கும் 3 விநாடி, தாமதித்தால் பூஜ்யம். தென்கொரியாவின் கிம் யேஜி அப்படி ஒரு குண்டை இழந்து இறுதிச்சுற்றுக்கே போகவில்லை. இறுதிச்சுற்றில் 10.2 அல்லது அதற்கு மேல் பட்டால் ஒரு 'ஹிட்', 10.1 என்றால் ஒன்றுமில்லை.

தேசிய சேவை அனுபவத்தை வைத்து மதிப்பிடுவது

தேசிய சேவையில் சுடும் எஸ்ஏஆர் 21 ரைபிள் வேறு. பிஸ்டல் போட்டியில் நின்றபடி, ஒரே கை, சாய்மானம் கிடையாது.

நேரம்

2026 ஆசிய விளையாட்டின் நகரமான ஜப்பானின் நகோயா, சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் முன்னால்: அங்கே காலை 9 என்றால் இங்கே காலை 8.