அக்காவும் தங்கையும்: வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. காலையில் முதலில் விழிப்பவள் சின்னவள். எழுந்ததும் என்னைத் தேடுவதில்லை. அக்காவின் போர்வைக்குள் புகுந்து, அவள் இமையை ஒரு விரலால் மெல்லத் தூக்கி, "அக்கா, உள்ளே இருக்கிறாயா?" என்று கேட்பாள். பெரியவள் சில நாள் சிரிப்பாள், சில நாள் சீறுவாள். எப்படியானாலும் ஐந்து நிமிடத்தில் போர்வைக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் கேட்கும்.

சின்னஞ்சிறு பெண்கள் இருவர் இருக்கும் வீட்டில் மகிழ்ச்சியின் பெரும்பகுதி அவர்களுக்குள்ளேயே விளைகிறது. அதை நாம் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தாலே போதும். நல்ல எண்ணத்தோடுதான் கெடுக்கிறோம் என்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

"நீதானே பெரியவள், விட்டுக்கொடு"

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒருநாள் பெரியவள் காலி அட்டைப்பெட்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெட்டி, கூரை ஒட்டி, உள்ளே வைக்கக் காகிதத்தில் நான்கு பொம்மைகளையும் கத்தரித்திருந்தாள்: அம்மா, அப்பா, அவள், தங்கை. சின்னவள் வந்து கூரையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கத்த, நான் அடுக்களையிலிருந்தே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பெரியவள் எதிர்த்துப் பேசவில்லை. கையை எடுத்துவிட்டாள். பிறகு நான் போய்ப் பார்த்தபோது, மூன்று பொம்மைகள் வீட்டுக்குள் இருந்தன. தங்கை பொம்மை மட்டும் வெளியே, தரையில் கவிழ்ந்து கிடந்தது.

ஆறு வயது என்பது குழந்தைப் பருவம்தான். தங்கை பிறந்த அன்றே அவள் பெரியவள் ஆகிவிட்டதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆஸ்திரிய மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937) முதல் குழந்தையின் நிலையை அரியணை இழந்த அரசரின் நிலைக்கு ஒப்பிட்டார். பிறப்பு வரிசையை வைத்து அவர் வகுத்த குணங்கள் பலவற்றைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஆனால் அந்த இழப்பு உண்மையானது என்பதை, கவிழ்ந்து கிடந்த அந்தக் காகித பொம்மை எனக்குச் சொன்னது.

இப்போது பெரியவளின் வேலை நடக்கும் மேசை சின்னவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. காத்திருக்கச் சொல்வதும் சின்னவளிடம்தான்: "அக்கா முடிக்கட்டும், அதுவரை என்னோடு இரு." மூன்று வயதுக் குழந்தைக்குச் சில நிமிடம் பொறுத்திருக்கப் பழக்க முடியும். அழுவாள், அழட்டும், பக்கத்தில் இருந்தால் போதும். கட்டாயம் போன பிறகு, யாரும் கேட்காமலே பெரியவள் தன் வண்ணப் பென்சிலைத் தங்கையிடம் நீட்டுவதைப் பார்த்தேன். பிடுங்கிக் கொடுக்க வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

இதே தவறின் இன்னொரு முகம், பெரியவளைக் குட்டி அம்மாவாக்குவது. தங்கைக்குச் செருப்பு மாட்டிவிட அவளே ஆசைப்பட்டால் மாட்டட்டும். காவலுக்கு மட்டும் அவளை வைக்கக் கூடாது. பெரியவளின் பாசிமணியும் சிறு உதிரிப் பாகங்களும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடலாம். பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆறு வயதுச் சிறுமியின் தலையில் இந்தப் பொறுப்பைச் சுமத்தலாமா?

பிரிட்டனில் ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜ் பகுதியில் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே கவனித்து, 1982-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். புதிதாய்ப் பிறந்த குழந்தையையும் விருப்பமும் உணர்வும் உள்ள ஓர் ஆளாக மதித்து, அதைப் பற்றி மூத்த குழந்தையிடம் பேசிய தாய்மார்களின் வீடுகளில் உடன்பிறப்புகள் பின்னாளில் அதிக நட்போடு பழகியது தெரிந்தது. "பாப்பா ஏன் அழுகிறாள் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சொன்னபடி செய்ய வேண்டியவளாக இருந்தவள், ஆலோசனை சொல்பவளாக மாறிவிடுவாள்.

சரிபாதியாகப் பங்கிடும் முயற்சி

இரண்டு பேருக்கும் பாலை அளந்து ஊற்றினேன். ஒன்று உயரமான டம்ளர், மற்றொன்று அகலமானது. அகல டம்ளர் கிடைத்தவள் அழுதாள். "இரண்டும் ஒரே அளவுதான்" என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதைத்தான் சோதித்துக் காட்டினார். ஏறக்குறைய ஏழு வயதுவரை பெரும்பாலான குழந்தைகள், உயரமான பாத்திரத்துக்கு மாற்றிய நீர் கூடிவிட்டதாகவே நம்புகிறார்கள். அந்த வயதில் அழும் குழந்தையைப் பேராசைக்காரி என்று திட்டுவது அநியாயம். அவள் கண்ணுக்கு அது உண்மையிலேயே குறைவு. ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கினேன், அந்தச் சண்டை ஓய்ந்தது.

ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தராசில் நிறுத்தத் தொடங்கினால், குழந்தைகளும் தராசோடு நிற்பார்கள். ஒருத்திக்குச் செருப்பு தேய்ந்தால் இருவருக்கும் செருப்பு, ஒருத்தியை மடியில் வைத்தால் மற்றவளையும் அதே நேரம் வைக்க வேண்டும் என்றாகிவிடும். "அவளுக்கு இன்று தேவை, உனக்குத் தேவைப்படும்போது உனக்கு" என்பதைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள், சொன்னபடி செய்தால்.

சின்னவள் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு. உடை, பொம்மை, புத்தகப்பை என்று எல்லாமே அக்கா பயன்படுத்தியதாக வந்து சேர்வது. அதில் தவறில்லை, அக்காவின் சட்டையைப் போடுவது அவளுக்குப் பெருமையும்கூட. ஆனாலும் அவளுக்கென்றே வாங்கிய, அவள் பெயர் எழுதிய ஏதாவது ஒன்று வேண்டும்.

ஆளுக்கொரு பட்டம்

"இவள் சமர்த்து, அவள் வாலு." "இவள் அறிவாளி, அவள் அழகி." ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் என்றால் பார்க்க வருபவர்கள் எல்லோரும் இப்படிப் பிரித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நின்று நாமும் தலையாட்டுகிறோம். ஒருத்திக்கு அறிவாளிப் பட்டம் கிடைத்துவிட்டால் மற்றவள் அந்தப் பக்கமே போகத் தயங்குவாள். பட்டம் பெற்றவளுக்கும் அது சுமைதான். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழப்பட்ட குழந்தைகள் தோல்விக்குப் பிறகு எளிதில் சோர்ந்தார்கள். முயற்சியைப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். யாராவது என் பெண்களுக்குப் பட்டம் சூட்டினால், இப்போதெல்லாம் அவர்கள் காதுபடவே "இருவருக்கும் இரண்டும் உண்டு" என்று சொல்லிவிடுகிறேன்.

"அக்காவைப் பார், எவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டாள்" என்பதும் இந்த வகைதான். வேலை உடனே நடந்துவிடும். ஆனால் ஒருத்தி ஜெயிக்க மற்றவள் தோற்க வேண்டும் என்ற கணக்கை அந்த ஒரு வாய்ச் சோற்றோடு சேர்த்து ஊட்டிவிடுகிறோம்.

"யார் முதலில் ஆரம்பித்தது?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்ததாக எனக்கு நினைவே இல்லை. இரண்டு குற்றச்சாட்டுகளும் ஓர் அழுகையும்தான் கிடைக்கும். அடி விழுந்தால், கடித்தால், உடனே பிரித்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. வெறும் வாய்ச்சண்டை என்றால் அருகில் போய், பார்த்ததை மட்டும் சொல்லலாம்: "ஒரு பொம்மை இருக்கிறது, இரண்டு பேருக்கும் அது வேண்டும். என்ன செய்யலாம்?" பெரியவள் ஒரு யோசனை சொல்வாள், சின்னவள் அதை மறுப்பாள், அதற்குள் பொம்மை இருவருக்குமே மறந்துபோகும். உடனே "மன்னிப்புக் கேள்" என்று அதட்டி வாங்கும் மன்னிப்பில் கோபம் அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. அழுகை ஓய்ந்த பின் சின்னவள் தானாகவே போய் அக்காவின் முதுகில் சாய்வாள். அதற்கு இடம் விட வேண்டும்.

படம் எடுக்கும் அவசரம்

விளையாட்டின் உச்சத்தில் "இங்கே பாருங்கள்" என்று நாம் அழைத்த நொடியிலேயே அந்த விளையாட்டு கலைந்துவிடுகிறது. படத்தைவிட நான் நம்புவது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை. பெரியவர்களான பிறகு நமக்கு எட்டும் முதல் நினைவு பொதுவாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது. அதாவது, அக்காவின் இமையைத் தூக்கிப் பார்த்ததைச் சின்னவள் அநேகமாக மறந்துவிடுவாள். நானும் மறப்பேன். அதனால் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, தேதியிட்டு எழுதி வைக்கிறேன்.

விளக்கணைத்த பிறகு

மூன்று முதல் ஐந்து வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, விளக்கணைந்த பின் கேட்கும் கிசுகிசுப்பை அதட்டி நிறுத்துவேன். இப்போது கால் மணி நேரம் முன்னதாகவே படுக்க வைத்துவிடுகிறேன், அந்தக் கால் மணி நேரம் அவர்களுடையது. நேற்று கதவருகில் நின்றபோது கேட்டது:

"அக்கா, இருட்டு எங்கே போய்த் தூங்கும்?"

"நம் கண்ணுக்குள்ளே. கண்ணை மூடினால் அதற்கு இடம் கிடைக்கும்."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு சின்னவள் சொன்னாள்: "மூடிவிட்டேன். வந்துவிட்டது."