மாதவரம் பக்கம் குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் நெருக்கமான வீடுகளில் வாழ்ந்துவிட்டு, கொஞ்சம் கையில் காசு சேர்ந்ததும் மாதவரம், பெரம்பூர் பக்கம் கேட்டட் கம்யூனிட்டிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். பார்க், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தோம். கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பெரிய தவறு, வெயில் காலத்தில் மட்டும் இடத்தைப் பார்ப்பது. புழல் ஏரி நிரம்பித் திறந்துவிட்டால் உபரிநீர் மாதவரம், மணலி வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். திட்டமிட்ட நகர் என்றால் தண்ணீர் வராது என்றும் நினைக்காதீர்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமே (சிஎம்டிஏ) திட்டம் போட்டு உருவாக்கிய மணலி புதுநகரிலேயே கொசஸ்தலை ஆறு பெருகியபோது, 2015-லும் 2021-லும் வெள்ளம் புகுந்தது. விற்பனை ஆபீசில் இதைக் கேட்டுப் பயனில்லை. தெருமுனை டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேளுங்கள். எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்று கையால் காட்டுவார்கள்.

அடுத்தது பணம். படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் கணக்கில் விலை பேசாதீர்கள். வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பான கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, மொத்த மனையில் உங்கள் பெயரில் வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு (யுடிஎஸ்) எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ரெரா என்கிற 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பில்டர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. "ஆஃபர் இன்றோடு முடிகிறது" என்று அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். மாத மெயின்டனன்ஸையும் வங்கித் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவும் நம் தலையில்தான்.

வரப்போகும் மெட்ரோவை நம்பி வாங்குவதும் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து கிளம்பி ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள்.

நான் அதிகம் வருந்துவது வேறொன்றுக்காக. வீட்டுப் பெரியவர்களைக் கடைசியில் கூட்டிப்போய்க் காட்டினோம். இராயபுரத்தில் அம்மாவுக்கு வாசற்படிதான் உலகம். காசிமேட்டு மீன் கூடையில் வரும், பூக்காரம்மா நின்று பேசுவார், மாத்திரை தீர்ந்தால் எதிர்வீட்டுப் பையன் ஓடுவான். இங்கே கூடைக்காரர்களை வாட்ச்மேன் உள்ளே விடுவதில்லை. எதிர்க்கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. லிஃப்டில் தனியாக இறங்கப் பயந்து முதல் மூன்று மாதம் அம்மா ஒன்பதாவது மாடியிலேயே இருந்தார். வீடு பார்க்கும்போதே அவரை அழைத்துப்போயிருந்தால், கீழ்த்தளம்தான் வேண்டும் என்று கேட்டிருப்பார். நாங்களும் வாங்கியிருப்போம்.

முடிந்தால் அதே வளாகத்தில் முதலில் வாடகைக்கு இருங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே கழியட்டும். அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.