மழையில் நனைந்த போனும் 100ஆம் நம்பர் பஸ்ஸும்

மதுரையிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்தவன் நான். ஐப்பசியில் இங்கே மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், அப்புறம் இடியோடு கொட்டும். அப்படியொரு மழையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே போன் அணைந்துவிட்டது. மேப்பும் போச்சு. வீட்டுக்கார அக்கா, "தம்பி, காலி வீதியால போற 100ல ஏறினா வெள்ளவத்தையில இறங்கலாம்" என்று சொல்லியிருந்தார் (காலி என்பது ஊர்ப்பெயர்). சரி, வந்து சேர்ந்தேன்.

ஈரம் உறிஞ்சட்டும் என்று பலர் செய்வதுபோல் போனை அரிசியில் புதைக்கவில்லை. மாவுத்தூசி சார்ஜர் துளைக்குள் போய்விடும். சிம் தட்டை உருவி, துளை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டினேன். சொட்டுச் சொட்டாக நீர் வந்தது. மின்விசிறி முன்னால் சாய்த்து வைத்தேன். ஈரத்தோடு சார்ஜ் போடவே கூடாது, அதுதான் போனைக் கெடுக்கும். மறுநாள் இரவு உயிர் வந்தது. முதல் அழைப்பு அம்மாவுக்கு. இப்போது பர்ஸில் என் விலாசம் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய சீட்டு இருக்கிறது.