ஐபி போன் தானாக செட்டிங் எடுக்கவில்லையா? கான்ஃபிக் ஃபைலை அப்புறம் பாருங்கள்

ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் ஒயர் வழியே பேசும் 40 யீலிங்க் ஐபி போன்கள் மாட்டினோம். 39 போன்கள் ஒயரைச் செருகியதும், செட்டிங் எழுதிய கான்ஃபிக் ஃபைலைத் தாமாகவே சர்வரிலிருந்து இழுத்துக்கொண்டன. மேனேஜர் மேசையில் இருந்தது மட்டும் முரண்டு பிடித்தது. அந்த ஒரு கான்ஃபிக் ஃபைலை அரை நாள் வரிவரியாகப் படித்தேன், தப்பே தெரியவில்லை. சாயங்காலம் சர்வர் லாகைத் திறந்தால், அந்தப் போன் கேட்ட ஃபைலுக்கு வரிசையாக 404, அதாவது ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’. அவருக்கென்று ஃபைலைக் கையால் நோட்பேடில் எழுதியிருந்தேன். பெயரின் வாலில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, விண்டோஸ் அதை மறைத்துக் காட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து லாகைப் பார்க்காமல் ஃபைலைத் தொடுவதில்லை. போன் என்ன பெயர் கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது, இரண்டும் அதிலேயே இருக்கும்.

பெயரில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஃபைலுக்குப் பெயராக வருவது போனின் மேக் முகவரி, ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண். பெட்டி ஸ்டிக்கரில் அது கேபிட்டல் எழுத்தில் இருக்கும். யீலிங்க் கேட்பது ஸ்மால் எழுத்தில். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஃபைல். சிஸ்கோ போன் நேர்மாறு: ‘எஸ்இபி’ என்று தொடங்கி கேபிட்டலிலேயே கேட்கும். சிஸ்கோ ரூட்டர் தானாகச் செட்டிங் எடுக்கும் வசதியான ஆட்டோஇன்ஸ்டால் தேடும் பெயர் இன்னும் வேடிக்கை. அதில் ‘கான்ஃபிக்’ என்ற சொல்லில் ஆங்கில ஐ (i) எழுத்தே கிடையாது. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தினீர்களோ, போச்சு.

லாகில் ஒரு வரிகூட இல்லை என்றால் போன் சர்வர் வரைக்கும் வரவே இல்லை. சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியைப் பாருங்கள். ஃபைல் சர்வர் எங்கே என்று சொல்லும் ஆப்ஷன் 66-ஐ கம்ப்யூட்டர்களுக்கான ஸ்கோப்பில் (முகவரித் தொகுப்பில்) போட்டுவிட்டு, போன்களுக்கான தனி நெட்வொர்க்கான வாய்ஸ் விலேனை மறந்திருப்போம். சிஸ்கோ போனென்றால் இதே வேலைக்கு ஆப்ஷன் 150-ஐயும் எதிர்பார்க்கும். கிளை அலுவலகத்தில் பிராட்பேண்ட் ரூட்டரும் ஐபி கொடுத்துக்கொண்டிருந்தால், யார் முந்துகிறாரோ அவர் சொன்னதுதான் சட்டம். ஒரே போன் காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது. சுவிட்சில் போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடாவிட்டால், நெட்வொர்க்கில் சுழல் வராமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ 30 செகண்ட் போர்ட்டைப் பிடித்துவைக்கும். அதற்குள் சில சாதனங்கள் ஐபி கேட்டு அலுத்துவிடும்.

போன்கள் ஃபைல் வாங்கும் எளிய முறையான டிஎஃப்டிபி, 1992-இன் ஆர்எஃப்சி 1350 என்ற தர ஆவணத்தில் எழுதியபடி இன்றும் ஓடுகிறது. ஃபயர்வாலில் அதற்கான யூடிபி போர்ட் 69-ஐ மட்டும் திறந்துவிட்டு ஏன் வரவில்லை என்று குழம்புவார்கள். கேள்விதான் 69-க்குப் போகும், பதில் வேறு போர்ட்டிலிருந்து வரும். ஒரு துண்டுக்கு 512 பைட், ஒவ்வொன்றுக்கும் ‘வந்தது’ என்று பதில் வந்த பிறகே அடுத்தது. போனின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் 20 எம்பி என்றால் 40,960 துண்டுகள். போய்வர 50 மில்லிசெகண்ட் ஆகும் லைனில் அரை மணிக்கு மேல். ஆபீசுக்குள் சரி, தொலைவிலுள்ள கிளைக்குப் பாதுகாப்பான வெப் முறையான எச்டிடிபிஎஸ்தான்.

ஆனால் எச்டிடிபிஎஸ் போட்டதும் புதுத் தலைவலி ஒன்று வரும். பெட்டியிலிருந்து எடுத்த போனுக்கு இன்றைய தேதி தெரியாது. சர்வர் உண்மையானது என்று காட்டும் உங்கள் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. நேரம் சொல்லும் என்டிபி சர்வரை டிஹெச்சிபி ஆப்ஷன் 42-இல் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பலரும் செய்வது வேறு: சான்றிதழ் சோதனையை ‘இப்போதைக்கு’ அணைத்து வைப்பார்கள். அந்த இப்போதைக்கு மூன்று வருஷம் ஓடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இணையத்தில் திறந்துகிடக்கும் புரொவிஷனிங் சர்வர், அதாவது போன்களுக்கு இந்த ஃபைலைக் கொடுக்கும் சர்வர். ஃபைலுக்குள் போன் லைனுக்கான எஸ்ஐபி பாஸ்வேர்ட் பெரும்பாலும் அப்படியே எழுத்தாக இருக்கிறது. ஃபைல் பெயரோ மேக் முகவரி. முதல் பாதி தயாரிப்பாளருடையது. யீலிங்கின் 001565 போல ஊரறிந்தது. மீதிப் பாதியில் 1,67,77,216 சாத்தியங்கள்தான். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவருக்கு அது பெரிய எண்ணே இல்லை. மொத்தமாக வாங்கிய போன்களின் முகவரிகள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களாகவே வரும். ஒரு பாஸ்வேர்ட் சிக்கினால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் லைனில் வெளிநாட்டு அழைப்புகள் போகும். போனில் தயாரிப்பாளர் வைத்தனுப்பும் சான்றிதழ் இருந்தால் அதைச் சோதித்த பிறகே ஃபைலைக் கொடுங்கள். இல்லாவிட்டால் போனுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்ட். தொடர்ந்து 404 வாங்கும் ஐபியைத் தடுத்துவிடுங்கள். ஃபோல்டர் பட்டியல் பிரவுசரில் தெரியக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் போனுக்கும் பொதுவான ஃபைலை மாற்றும்போது ஒரு போனில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள். அதிலும் சர்வர் முகவரி உள்ள வரியில் கை வைக்கும்போது இரண்டு மடங்கு கவனம். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் போனுக்கு ஆப்ஷன் 66 சொல்ல ஆளில்லை. தனக்குள் எழுதிவைத்த முகவரியை நம்பித்தான் அது பிழைக்கிறது. அங்கே ஓர் எழுத்து தப்பினால், திருத்திய ஃபைலை வாங்கக்கூட அது திரும்பி வராது. சர்வரை இடம் மாற்றினாலும் பழைய முகவரியைச் சில மாதம் உயிரோடு வையுங்கள். நான் வைக்கவில்லை. இரண்டு போன்களைக் கூரியரில் திருப்பி வரவழைத்தேன்.